ஜப்பானியத் தூதரக நட்புறவு வரவேற்பில் நான்கு நிமிடத் தமிழுரை: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி – எழுதியவர்: படுவான்கரை

கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகம் இரு தீவுகளின் நட்புறவைக் கொண்டாடும் வரவேற்பு நிகழ்வொன்றை நடத்தவிருக்கிறது. ஜப்பானில் புலமைப்பரிசில் பெற்றுக் கற்றுத் திரும்பியவர்களின் சார்பில் அதில் மூவர் பேசவேண்டுமென்று முடிவாகி, தமிழுக்குரிய நான்கு நிமிடங்கள் என் தலையில் விழுந்திருக்கின்றன. நான் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். பிறர் பேசியதை வேறு மொழியில் சொல்லிப் பழகியவள். சொந்தமாக மேடையேறிப் பேசிய அனுபவம் மிகக் குறைவு.

முதல் வரைவை எழுதி முடித்தேன். "நீண்டகால நட்புறவு", "பரஸ்பர நம்பிக்கை", "அபிவிருத்தியின் பங்காளி" என்ற சொற்றொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமர்ந்துகொண்டன. ஜப்பான் என்ற பெயரை அழித்துவிட்டு வேறெந்த நாட்டின் பெயரை எழுதினாலும் அவ்வுரை அப்படியே பொருந்தும் என்பதைக் கண்டதும் அதைக் கிழித்துப் போட்டேன்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. இத்தகைய நிகழ்வின் ஒழுங்கு என்ன, யாரை எந்த வரிசையில் விளிப்பது என்பது முதலாவது. இரண்டாவது, 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடனான சமாதான மாநாட்டில் இலங்கையின் சார்பில் ஜே. ஆர். ஜயவர்தன ஆற்றிய உரையைப் பற்றியது. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள் என்று தெரிந்தும், நான் அதைத் தொடாமல் விடலாமா? தொட்டால், அதில் வரும் புத்தரின் வாக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? மூன்றாவதைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. நட்பைக் கொண்டாடும் மண்டபத்தில் 1942ஆம் ஆண்டு ஜப்பான் இலங்கை மீது நடத்திய குண்டுவீச்சை நினைவுபடுத்துவது முறையாகுமா? நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். எங்கள் கடலின் அடியில் அந்த ஆண்டின் கப்பலொன்று இன்னும் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் இரு நாட்டு வரலாற்றைப் பேசுவது எனக்குப் பாதிக் கதையாகவே படுகிறது.

---

பதில் 1 – கோட்டே வாசி

அரசாங்க நிறுவனமொன்றில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கான வைபவ ஒழுங்குகளை நெடுங்காலம் கவனித்தவன் என்ற முறையில் உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தூதரக வரவேற்பை வெறும் விருந்தென்று எண்ணவேண்டாம். இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் மூன்றாவது உறுப்புரை தூதரகமொன்றின் பணிகளை வரையறுக்கும்போது, அனுப்பிய நாட்டுக்கும் ஏற்றுக்கொண்ட நாட்டுக்கும் இடையே நட்புறவை வளர்ப்பதையும் அவற்றுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே அன்று மாலை தட்டேந்தி நடமாடும் அதிகாரிகள் அனைவரும் பணியில்தான் இருப்பார்கள். உங்கள் உரையும் அந்தப் பணியின் ஒரு பகுதியாகவே கேட்கப்படும், குறித்தும் வைக்கப்படும்.

ஜப்பானியத் தூதரகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய வரவேற்பு பேரரசரின் பிறந்தநாளை ஒட்டியது. இன்றைய பேரரசர் நருஹிட்டோ பிறந்த நாள் பெப்ரவரி 23 என்பதால் அது இப்போது அந்த மாதத்தை ஒட்டி வருகிறது. முந்திய பேரரசர் காலத்தில் டிசம்பரில் வந்தது. நமது சுதந்திர தினம் பெப்ரவரி 4 ஆகையால், டோக்கியோவிலுள்ள நமது தூதரகத்துக்கும் கொழும்பிலுள்ள அவர்களது தூதரகத்துக்கும் வேலை மிகுந்த மாதம் ஒன்றாகிவிட்டது. உறவின் ஆண்டு நிறைவுக்காக நடத்தும் நிகழ்வு வேறு. உங்களுடையது எது என்பதை அழைப்பிதழில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறந்தநாள் வரவேற்பாயின் பேரரசரை முதலில் வாழ்த்தாமல் உரையைத் தொடங்குவது பிழையாகும்.

விளிக்கும் வரிசையை நீங்களாக வகுக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலும் நமது அரசாங்கத்தின் சார்பில் வரும் அமைச்சரே பிரதம விருந்தினராக இருப்பார். "கௌரவ அமைச்சர் அவர்களே, மேதகு தூதுவர் அவர்களே, ஏனைய நாடுகளின் தூதுவர்களே, உயர் ஸ்தானிகர்களே, பெருமதிப்புக்குரிய விருந்தினர்களே" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும். பொதுநலவாய நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புவோர் உயர் ஸ்தானிகர்கள் என்பதை மறந்து எல்லோரையும் தூதுவர்கள் என்று அழைத்தால் முன்வரிசையில் இரண்டு மூன்று முகங்கள் சுருங்கும். தூதுவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அவர்களுக்குள் முன்பின் வரிசை நாட்டின் பரப்பையோ வலிமையையோ பொறுத்து அமைவதில்லை. இந்நாட்டில் பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் பொறுத்தே அமைகிறது. மாலைதீவின் பிரதிநிதி ஒரு வல்லரசின் தூதுவருக்கு முன்னே நிற்கும் நாளும் உண்டு. சிறிய நாடொன்றின் குடிமகனாக அந்த விதியை நான் இரசித்திருக்கிறேன்.

வாழ்த்துக் கிண்ணம் உயர்த்துவது தூதுவருக்கும் பிரதம விருந்தினருக்கும் உரியது. உங்கள் உரையின் முடிவில் நீங்கள் அதற்கு அழைக்கக்கூடாது. சாக்கே என்னும் ஜப்பானிய அரிசி மதுப் பீப்பாயின் மூடியை மரச்சுத்தியலால் உடைக்கும் சடங்கு இருந்து உங்களையும் அழைத்தால், மற்றவர்களோடு ஒரே நேரத்தில் மெதுவாகத் தட்டினால் போதும். மூடியை முன்னதாகவே தளர்த்தி வைத்திருப்பார்கள். மது அருந்தாதவர் பழச்சாற்றை உயர்த்துவதில் எந்தக் குறையுமில்லை.

இன்னுமொன்று. கேட்போர் நின்றுகொண்டிருப்பார்கள், கையில் கிண்ணம் இருக்கும், பக்கத்தில் உணவு காத்திருக்கும். எழுத்துத் தமிழை நிதானமாக வாசித்தால் நான்கு நிமிடத்துக்கு 350 சொற்கள்தான் செல்லும். தமிழிலிருந்து நேரே ஜப்பானிய மொழிக்கு மாற்றக்கூடியவர்கள் அரிதென்பதை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். உரையின் ஆங்கிலப் படியை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். தூதுவர் உங்கள் சொற்களை அறிந்து தலையசைப்பதற்கும், மரியாதைக்காகத் தலையசைப்பதற்கும் வேறுபாடு மேடையிலிருந்தே தெரியும்.

---

பதில் 2 – ஓலைச்சுவடி

சான் பிரான்சிஸ்கோ உரையைத் தொடலாம், தொடவும் வேண்டும். ஆனால் அதைப் பற்றி நம் நாட்டில் உலவும் கதைகளில் பாதியைக் கழித்துவிட்டுத் தொடுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஜப்பானுடனான சமாதான மாநாடு 1951 செப்டம்பர் 4 முதல் 8 வரை நடந்தது. அன்றைய நிதியமைச்சராகிய ஜயவர்தன இலங்கையின் சார்பில் செப்டம்பர் 6ஆம் நாள் பேசினார். ஜப்பான் சுதந்திரமான நாடாக இருக்கவேண்டுமென்ற எண்ணம் 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டிலேயே பேசப்பட்டதை நினைவூட்டினார். விமானத் தாக்குதலாலும், பெரும் படைகள் இங்கே நிலைகொண்டதாலும், நேச நாடுகளுக்காக இறப்பர் மரங்களை அளவுக்கு மீறி வெட்டிப் பால் எடுத்ததாலும் ஏற்பட்ட சேதத்துக்கு நட்டஈடு கோரும் உரிமை இலங்கைக்கு உண்டென்று சொல்லி, அந்த உரிமையைப் பயன்படுத்தப்போவதில்லை என்றார். அதற்குக் காரணமாகவே புத்தரின் வாக்கை எடுத்துக்காட்டினார். ஒப்பந்தத்தில் ஜப்பானோடு சேர்த்து 49 நாடுகள் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியமும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் கையெழுத்திடவில்லை. இந்தியா மாநாட்டுக்கே செல்லாமல் 1952இல் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1952 ஏப்ரலிலேயே இரு நாட்டு இராஜதந்திர உறவும் தொடங்கியது.

இனிக் கழிக்கவேண்டியவை. ஜப்பானைத் துண்டுதுண்டாகப் பிரிக்கவிருந்தார்கள், இலங்கையின் உரைதான் அதைத் தடுத்தது என்று முகநூலில் ஆண்டுதோறும் வலம்வரும் கதையை எக்காரணங்கொண்டும் மேடையேற்றாதீர்கள். மாநாட்டின் முன் வைக்கப்பட்ட ஒப்பந்த வரைவில் அப்படியொரு பிரிவினை இருக்கவில்லை. நட்டஈட்டை விட்டுக்கொடுத்த ஒரே நாடு இலங்கை என்பதும் சரியன்று. அமெரிக்காவின் முன்முயற்சியில் அமைந்த அந்த ஒப்பந்தமே நட்டஈட்டுச் சுமையைப் பெரிதும் தளர்த்தியிருந்தது. பெரும்பாலான நேச நாடுகள் விட்டுக்கொடுத்தன. பிலிப்பைன்ஸ் போன்ற சில நாடுகள் கோரிப் பெற்றன. அவ்வுரை முழுவதும் பௌத்தக் கருணை என்று எண்ணுவதும் தவறாகும். ஜப்பானின் சுதந்திரத்துக்கு வரம்பிட முயன்ற சோவியத் திருத்தங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். ஜப்பானியருக்கு வேண்டுமென்று சோவியத் தரப்பு கேட்கும் உரிமைகளைச் சோவியத் மக்களும் அனுபவிக்க விரும்புவார்கள் என்ற பொருளில் ஒரு குத்தலும் வைத்தார். பனிப்போர்க் காலத்து அரசியல்வாதி ஒருவரின் உரை அது. அதனாலேயே அந்த ஒரு வாக்கின் கனம் குறைந்துவிடுவதில்லை. வென்றவர்கள் கூடிய அவையில் தோற்றவனைக் குறித்து, நண்பனாகச் சேர்ந்து நடப்போம் என்று ஓர் ஆசிய நாடு சொன்னது. அந்த நாட்டுக்கு அப்போது சுதந்திர வயது மூன்று. ஜப்பானியர் அதை மறக்கவில்லை என்பதற்குக் காமகுராவின் பெரிய புத்தர் சிலை இருக்கும் கோயில் வளாகத்தில் 1991இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லே சாட்சி. நீங்கள் அங்கே கற்ற காலத்தில் பார்த்திருக்கக்கூடும்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஜயவர்தன ஆங்கிலத்தில் பேசினார். அவருடைய ஆங்கிலத்தைப் பின்பற்றினால், "வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை, அன்பினாலேயே தணியும்" என்று வரும். நமது பத்திரிகைகள் வழக்கமாக இப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அவ்வாக்கு வரும் பௌத்த நூலாகிய தம்மபதத்தின் ஐந்தாவது பாடலில் உள்ள பாளிச் சொல் "வேர" என்பது. வடமொழியில் அது "வைர". தமிழுக்கும் அது புதிதன்று. "வயிரம்" என்ற சொல்லுக்குத் தீராப் பகை என்ற பொருள் பழைய அகராதிகளிலேயே உண்டு; "வயிரம் வைத்திருக்கிறான்" என்று சொன்ன முதியவர்களை நான் கேட்டிருக்கிறேன். எதனால் தணியும் என்பதற்கு மூலம் தரும் சொல் "அவேர", அதாவது பகையின்மை. அன்பு என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே மூலத்தை ஒட்டி, "பகை பகையால் தணிவதில்லை, பகையின்மையாலேயே தணியும்" என்று சொல்லலாம்.

இந்த வேறுபாடு எனக்கு அற்பமாகப் படவில்லை. அன்பு செலுத்து என்று ஒரு நாட்டைக் கேட்பது பெரிய கோரிக்கை. பகையைக் கைவிடு என்பது செய்யக்கூடியது, அளந்து பார்க்கவும் கூடியது. நட்டஈடு கேட்காமல் விட்டது அன்பின் செயலா என்பதை எப்படி வாதிட்டாலும், பகையைக் கைவிட்ட செயல் என்பதை மறுக்க முடியாது. நீங்கள் எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஜயவர்தனவின் சொல் எது, மூலத்தின் சொல் எது என்பதைக் கலக்காதீர்கள். அந்த மண்டபத்தில் பாளி அறிந்த பிக்கு ஒருவரேனும் இருப்பார்.

1942ஐச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். அவ்வாண்டு ஏப்ரல் 5இல் கொழும்பும் ஏப்ரல் 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. விமானத் தாக்குதலின் சேதத்தை அந்த உரையே சொல்லியிருக்கிறது. சேதம் இருந்ததென்று சொல்லாவிட்டால், கேட்காமல் விட்டதில் என்ன பெருமை இருக்கிறது?

---

பதில் 3 – களுத்துறைத் தோட்டத்துப் பிள்ளை

ஓலைச்சுவடி ஐயா இறப்பரைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நான் அங்கேயே நிற்கிறேன்.

1942இல் மலாயா ஜப்பானின் கைக்குப் போன பின்னர் நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே போனது. மரத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஒருநாள் விட்டொருநாள் பால் வெட்டுவதுதான் வழமை. போர்க் காலத்தில் மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டினார்கள். அப்படி வெட்டிய கைகளில் எங்கள் முன்னோரின் கைகளும் இருந்தன. என் பாட்டனார் விடியும் முன் வாளியும் கத்தியுமாக இறங்கியவர். ஜயவர்தன சான் பிரான்சிஸ்கோவில் அந்த இறப்பரைச் சேதக் கணக்கில் குறிப்பிட்டபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் அல்லாதவர்களாக ஆக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த நட்டஈட்டில் அவர்களின் உழைப்பும் இருந்தது. விட்டுக்கொடுத்த நாட்டில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இதை மேடையில் வழக்காகத் தொடுக்கச் சொல்லவில்லை. விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் நம் வீட்டுச் சண்டையைப் பேசுவது அழகன்று என்பது எனக்கும் தெரியும். ஜப்பானியர் அதற்குப் பொறுப்புமல்லர். ஆனால் "இறப்பர் மரங்கள் வெட்டப்பட்டன" என்று செயப்பாட்டு வினையில் சொல்லிவிட்டுப் போகாமல், "இறப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வெட்டினார்கள்" என்று எழுவாயோடு ஒரு வாக்கியம் சொல்லுங்கள். தமிழில் அதற்கு ஒரு சொல்தான் அதிகம் ஆகும்.

நன்றி சொல்லும் பட்டியலில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தால் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கடனில் அமைந்து 2012இல் இயங்கத் தொடங்கிய அந்த 150 மெகாவாட் நிலையத்தால் நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது உண்மை. அதற்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்ததும், மலையகத்தில் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பு இருந்ததும் உண்மை. அதை வெறும் பெருமையாகச் சொன்னால் எங்கள் பக்கத்தார் ஒருவரும் கை தட்டமாட்டார்.

---

படுவான்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. எழுவாய் பற்றிய அறிவுரை என் தொழிலையே சுட்டுகிறது. அரசாங்க அறிக்கைகளை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, செய்தவர் இல்லாத வாக்கியங்களில் கை ஊறிப்போய்விட்டது.

காமகுராவின் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால் நமது அமைச்சரும் சிங்கள உரையாளரும் சொல்லப்போவதையே நானும் சொல்வதாகிவிடும். அவர்கள் சொல்ல முடியாத, தமிழில் நின்று மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று வேண்டும். உதவித் திட்டங்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. 1982இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சி, ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை, களனி ஆற்றின் புதிய பாலம் என்று அது நீள்கிறது. பட்டியலை வாசித்தால் கணக்காய்வு அறிக்கை போலாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

---

பதில் 4 – கொழும்புத்துறை

தங்கைக்கு, பட்டியலை வாசிக்கவே வேண்டாம். அதைத் தூதுவரே வாசிப்பார். அவரிடம் தொகைகளும் இருக்கும்.

தமிழில் நின்று சொல்லக்கூடியது எது என்று கேட்டதும் யாரேனும் ஓடிவந்து பேராசிரியர் சுசுமு ஓனோவைச் சொல்வார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென்று அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வாதித்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தூதரக மண்டபத்தில் "தமிழிலிருந்தே ஜப்பானிய மொழி பிறந்தது" என்று முழங்கினால் அவர்கள் புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகையின் பொருள் அங்கே கற்ற உங்களுக்குப் புரியும். ஆனால் அந்த ஆய்வுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் ஓனோவுடன் பல ஆண்டுகள் இணைந்து உழைத்தார்களே, அந்த உழைப்பைப் பற்றிச் சொல்வதில் தவறில்லை. கருதுகோள் நிற்கட்டும், விழட்டும்; ஒரு ஜப்பானிய அறிஞர் நம் சங்கப் பாடல்களை எழுத்தெண்ணிப் படித்தார் என்பது நிற்கும்.

வடக்கைப் பற்றிக் கேட்டால் என்னிடம் மூன்று சித்திரங்கள் இருக்கின்றன. ஒன்று சற்று வேடிக்கையானது. யாழ்ப்பாணத்தவருக்கு ஜப்பான் என்றால் நினைவுக்கு வருவது சான் பிரான்சிஸ்கோ அன்று, ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, சிறு போத்தலில் வைத்திருந்த சில துளிப் பெற்றோலைப் பீச்சி இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் அதை ஓட்டினோம். அதைச் செய்தவர்கள் இப்படியொரு பயன்பாட்டைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். நோயாளியையும் வாத்தியாரையும் மணப்பெண்ணையும் புகை கக்கிக்கொண்டு அது சுமந்தது.

இரண்டாவது, கண்ணிவெடி அகற்றல். ஜப்பானிய அரசாங்கத்தின் நன்கொடை ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளுக்கும் உள்நாட்டு அமைப்புகளுக்கும் ஆண்டுக்கணக்கில் கிடைத்து வந்திருக்கிறது. முகமாலையில் வெயிலில் முழந்தாளிட்டு விரல் விரலாக நிலத்தைத் துருவியவர்களில் பெண்கள் பலர். அந்த நிலத்தில் இன்று வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு நட்புறவு என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் ஜப்பானிய உதவிக் கட்டடத்தில் என் தாயாருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதையும் இதனோடு சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது கசப்பானது. சமாதான முயற்சியின்போது ஜப்பான் யசூஷி அகாஷியைச் சிறப்புப் பிரதிநிதியாக நியமித்தது. 2003 மார்ச்சில் ஹகோனேயில் பேச்சுவார்த்தையின் ஆறாம் சுற்று நடந்தது. அதே ஆண்டு ஜூன் 9, 10ஆம் நாட்களில் டோக்கியோவில் கூடிய உதவி வழங்குநர் மாநாட்டில் 450 கோடி டொலருக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் அதைப் புறக்கணித்தார்கள். பின்னர் நடந்தவற்றை நான் எழுதவேண்டியதில்லை. வரவேற்பு மேடையில் இதை எவரும் தொடமாட்டார்கள். நீங்களும் தொடவேண்டாம் என்பதே என் எண்ணம். நான்கு நிமிடத்தில் நியாயமாகச் சொல்லக்கூடிய செய்தியன்று அது. ஜப்பானியக் கடனில் அமையவிருந்து 2020இல் நம் அரசாங்கத்தால் கைவிடப்பட்ட கொழும்பு இலகு ரயில் திட்டமும் அப்படித்தான். அதனால் விழுந்த விரிசலை இரு தரப்பும் அறியும், அன்று மாலை இரு தரப்பும் அதை மறந்தவர்கள்போல் நடந்துகொள்ளும். உறவின் எழுபதாம் ஆண்டு நிறைவு வந்த அதே 2022 ஏப்ரலில்தான் நம் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. கடன் கொடுத்தவர்களில் நமக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவரும் ஒருவர். நண்பர்களுக்கிடையே இத்தகைய மௌனங்கள் இருக்கும். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இவை என் சித்திரங்கள். நீங்கள் வடக்கைச் சேர்ந்தவரல்லர். என் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் பேசினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கையால் தொட்ட, காலால் நடந்த ஏதாவது ஒன்று உங்கள் பக்கத்தில் இல்லையா? உங்கள் பெயரே படுவான்கரை ஆயிற்றே. அங்கே எப்படிப் போய்வந்தீர்கள்?

---

படுவான்கரை (கேள்வி கேட்டவர்)

கொழும்புத்துறை அண்ணா, கடைசிக் கேள்வியை நீங்கள் தெரிந்தே கேட்டீர்களோ, தெரியாமல் கேட்டீர்களோ. இரண்டு நாட்களாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்கு மண்முனைத் துறையில் நாங்கள் "பாதை"யில் போய்வந்தோம். மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கவேண்டும்: எங்கள் பேச்சில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. உயர்தர வகுப்புக்காக விடியற்காலையில் துறையில் வந்து நிற்பேன். பாதை மறுகரையில் இருந்தால் அது திரும்பும்வரை காத்திருக்கவேண்டும், காற்றடித்தால் இன்னும் காத்திருக்கவேண்டும், பொழுது சாய்ந்தால் வீடு திரும்புவதே கேள்விக்குறி. ஜப்பானின் நன்கொடையில் அங்கே மண்முனைப் பாலம் கட்டி 2014இல் திறந்தார்கள். நான் அப்போது ஜப்பானில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வந்து முச்சக்கரவண்டியில் கடந்தபோது, அம்மா ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுவான்கரை போய்விட்டது. இத்தனை ஆண்டுகளாக அதை ஒரு பாலம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். பட்டியலில் கூட நான் அதைச் சேர்த்திருக்கவில்லை.

அதே கரைக்கு வெளியே, கல்லடிக்கு அப்பால் கடலில், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் கிடக்கிறது. 300க்கு மேற்பட்ட மாலுமிகள் அதனோடு இறந்தார்கள். அன்று கடற்பக்கமிருந்து வந்த ஓசையை இடி என்று நினைத்ததாக அப்பப்பா சொல்வார். கப்பலுக்கு ஒரு வாக்கியம், இறப்பர் வெட்டியவர்களுக்கு ஒன்று, புத்தரின் வாக்குக்கு ஒன்று; மிகுதி முழுவதையும் பாதைக்கும் பாலத்துக்கும் கொடுக்கப்போகிறேன். ஓலைச்சுவடி ஐயாவின் "பகையின்மை"யையே எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் எவரேனும் அன்பு எங்கே என்று கேட்டால் விடை சொல்லத் தயாராக இருக்கிறேன்.

விளிப்புக்குப் பின் உரை இப்படித் தொடங்குகிறது:

"எங்கள் ஊரில் பாதை என்ற சொல்லுக்குப் படகு என்று பொருள். எனக்குப் பதினெட்டு வயதாகும்வரை என் பாதை தண்ணீரில் மிதந்தது. காற்று அனுமதித்தால் மட்டுமே நான் பள்ளிக்கூடம் போனேன். இன்று அந்த இடத்தில் நிற்கும் பாலத்தைக் கட்டித் தந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்."

வரைவு 340 சொற்களில் நிற்கிறது. "பாதை"யை ஆங்கிலப் படியில் எப்படி விளக்குவது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. கோட்டே வாசி ஐயா, இரண்டு படிகளையும் உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். விளிப்பு வரிசையை ஒருமுறை பார்த்துத் தாருங்கள். நிகழ்ச்சி நிரல் வியாழக்கிழமை வருமென்று சொல்லியிருக்கிறார்கள்.